முதல் சம்பளமும் புதுக் குடித்தனமும்: எதை வாங்குவது, எதைத் தள்ளிப்போடுவது

வீட்டில் வேண்டாத பொருள் அதிகம் சேருவது இரண்டு மாதங்களில்தான். ஒன்று, முதல் சம்பளம் வந்த மாதம். இன்னொன்று, புது வீட்டில் பால் காய்ச்சிய மாதம். கையில் காசு இருக்கும், வீடு வெறிச்சென்று இருக்கும், பார்க்கிற ஒவ்வொன்றும் இது இல்லாமல் எப்படி என்று தோன்றும். ராயபுரம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, திருவொற்றியூர் பக்கம் வேலைக்கு வந்து அறை எடுத்திருப்பவர்கள், கல்யாணமாகித் தனிக்குடித்தனம் வந்திருப்பவர்கள், இவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

எதையும் வாங்காதீர்கள் என்று சொல்ல வரவில்லை. அந்த உபதேசம் வடசென்னையில் எடுபடாது, எடுபடவும் கூடாது. அம்மியிலும் ஆட்டுக்கல்லிலும் கை தேய்ந்த பெண்கள் இருந்த வீடுகள் இவை. 2011-க்குப் பிறகு அரசு கொடுத்த மிக்சியும் கிரைண்டரும் மின்விசிறியும் வந்து இறங்கியபோது அந்த வீடுகளில் வந்த சந்தோஷம் உண்மையானது. அன்றாட உழைப்பைக் குறைக்கிற பொருள் மனிதருக்குச் சந்தோஷம் தரும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. என் கவலையெல்லாம், அப்படிப்பட்ட பொருளுக்குச் சேர்க்க வேண்டிய பணம் ஒரு மாலை நேர ஆசையில் கரைந்துபோவது பற்றித்தான்.

முதல் வேலை: கை எப்போது நீள்கிறது?

போனில் யுபிஐ ஆப்பைத் திறந்து கடந்த மூன்று மாதச் செலவைப் பாருங்கள். வாடகை, மளிகை, கரன்ட் பில், பஸ், மருந்து எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு மீதியை மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள். தொகைக்குப் பக்கத்தில் கிழமையையும் நேரத்தையும் எழுத வேண்டும், அதுதான் முக்கியம். பத்துப் பதினைந்து வரி எழுதியதும் ஒரு ஒழுங்கு தெரியும். ஒருவருக்கு அது சம்பளம் ஏறிய அன்று மாலை. நைட் ஷிப்ட் பார்ப்பவருக்கு, தூக்கம் வராமல் போனை நோண்டுகிற விடியற்காலை. வீட்டில் சண்டை போட்ட மறுநாளோ, கூட வேலை செய்பவர் புது போன் வாங்கிய வாரமோ சிலருக்கு. உங்களுடைய நேரம் எது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அந்த நேரத்தில் எதையும் வாங்குவதில்லை என்று மட்டும் முடிவு செய்தால் போதும், மற்ற நேரத்தில் தாராளமாக இருக்கலாம்.

அடுத்து, பணம் போவது கண்ணுக்குத் தெரிய வேண்டும். அமெரிக்காவில் பிரெலெக், சிமெஸ்டர் என்ற இரு பேராசிரியர்கள் 2001-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. கூடைப்பந்துப் போட்டி டிக்கெட்டை ஏலம் விட்டார்கள். ரொக்கமாகக் கட்ட வேண்டும் என்று சொல்லப்பட்டவர்கள் கேட்ட விலையைப்போல் சுமார் இரண்டு மடங்கு, கார்டில் கட்டலாம் என்று சொல்லப்பட்டவர்கள் கேட்டார்கள். டிக்கெட் ஒன்றுதான், கட்டும் வழிதான் வேறு. அதனால் வாரத்துக்கு இவ்வளவு என்று மேல்செலவுக்கான தொகையை ஏடிஎம்மில் எடுத்துப் பர்சில் வையுங்கள். டீயும் கூட யுபிஐயில்தான் என்று பழகிவிட்டவர்கள், இரண்டாவதாக ஒரு சேமிப்புக் கணக்கைத் தொடங்கி அதில் அந்த வாரத் தொகையை மட்டும் போட்டு, யுபிஐயை அதோடு இணைத்துவிடலாம். சம்பளக் கணக்கை அந்த ஆப்பிலிருந்து எடுத்துவிடுங்கள்.

வீட்டின் சதுர அடிக்கு ஒரு விலை உண்டு

இது யாரும் போடாத கணக்கு. முந்நூறு சதுர அடிப் போர்ஷன், வாடகை 9,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஒரு சதுர அடிக்கு மாதம் 30 ரூபாய் கொடுக்கிறீர்கள். ஆறடி நீளம், மூன்றடி அகலமுள்ள சோபா 18 சதுர அடியை அடைத்துக்கொள்ளும். அந்த இடத்துக்கு மட்டும் நீங்கள் கட்டும் வாடகை மாதம் 540, வருஷத்துக்கு 6,480 ரூபாய். இரண்டு மூன்று வருஷத்தில் சாதாரண சோபாவின் விலையையே அந்த இட வாடகை எட்டிவிடும். விருந்தாளி வந்தால் உட்கார வேண்டாமா என்று கேட்பார்கள். நான்கு பிளாஸ்டிக் நாற்காலி வாங்கி ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி மூலையில் வைத்தால் நான்கு சதுர அடிகூட ஆகாது. ராத்திரி பாய் விரித்து நான்கு பேர் படுக்க இடமும் இருக்கும்.

இங்கே வீடு மாற்றுவதும் அடிக்கடி நடக்கும். ஓனர் வாடகையை ஏற்றுவார், பிள்ளை பள்ளிக்கூடம் மாறும், மாடிப்படி குறுகல் என்று பீரோவைக் கயிறு கட்டி இறக்க வேண்டியிருக்கும். ஒரே நடை குட்டியானையில் வீடு மொத்தமும் போகும் அளவுக்குப் பொருள் இருந்தால் போதும் என்பது நல்ல வரம்பு. புதுக் குடித்தனக்காரர்கள் இந்த ஒரு வரம்பை வைத்துக்கொண்டாலே முக்கால்வாசி முடிவுகள் தானாக வந்துவிடும்.

ஆகவே எதையாவது வாங்கும்முன் வீட்டில் இருப்பதை ஒரு தடவை எண்ணிவிடுங்கள். துணி, செருப்பு, தண்ணீர் பாட்டில், சார்ஜர், டப்பா. எண்ணிக்கையைப் பார்த்ததும் கொஞ்சம் திடுக்கிடும்.

தினசரிக் காலண்டரில் எழுதுங்கள்

வீட்டுச் சுவரில் ஆணியில் தொங்கும் நாள்காட்டி இருக்கிறதே, சாமி படம் போட்டு, நல்ல நேரமும் ராகு காலமும் அச்சிட்டு, தினம் ஒரு தாள் கிழிப்பது, அதுதான் இதற்கு நல்ல கருவி. ஒரு பொருள்மேல் ஆசை வந்தால் அட்டையைப் பிடித்து முப்பது தாள் தள்ளுங்கள். அந்தத் தேதித் தாளில், ஓரத்து வெற்றிடத்தில், பேனாவால் பொருளின் பெயரும் விலையும் எழுதிவிட்டு மூடிவிடுங்கள். அவ்வளவுதான். ஆசையை அடக்கச் சொல்லவில்லை, தேதி குறித்திருக்கிறீர்கள். ஒரு மாதம் கழித்துக் காலையில் தாளைக் கிழிக்கும்போது அந்த எழுத்து கண்ணில் படும். அப்போதும் வேண்டும் என்று தோன்றினால் போய் வாங்குங்கள், தயங்க வேண்டாம். சில சமயம், இதை ஏன் எழுதினோம் என்றே நினைவு வராது.

இது போன் குறிப்பில் எழுதுவதைவிட ஏன் நல்லது என்றால், வீட்டில் எல்லோரும் பார்ப்பார்கள். "என்னங்க, இருபத்தி மூணாம் தேதில ஸ்பீக்கர்னு எழுதியிருக்கு?" என்று பேச்சு வரும். அந்தப் பேச்சுதான் வேண்டும். முப்பது நாள் என்பது ஆயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட பொருளுக்கு. அதற்குக் கீழே ஒரு வாரம் போதும். கேஸ் அடுப்பு கெட்டுப்போனது, செருப்பு அறுந்துபோனது மாதிரியான விஷயங்களுக்கு இந்த விதி கிடையாது, அவற்றை அன்றே வாங்கிவிட வேண்டும்.

எம்.சி. ரோட்டில் நடப்பது எப்படி

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு துணிக்கடைகளுக்குப் பெயர்போனது. தீபாவளி, பொங்கல், ரம்ஜான் நேரத்தில் தோளோடு தோள் இடித்துத்தான் நடக்க முடியும். மெட்ரோ 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை நீண்டதிலிருந்து திருவொற்றியூர்க்காரர்களுக்கும் அது எட்டும் தூரம். விலை மலிவு, துணியும் விதவிதமாகக் கிடைக்கும், நம்மவர்கள் பிழைக்கும் தெரு. நானும் அங்கேதான் துணி எடுக்கச் சொல்வேன். ஆனால் சில பழக்கங்கள் தெரிந்திருக்க வேண்டும்.

வாசலில் நிற்கும் பையன் கைதட்டி, "வாங்கக்கா, வாங்கண்ணா, உள்ள வந்து பாத்துட்டுப் போங்க, பாக்கறதுக்குக் காசு இல்ல" என்பான். உள்ளே போனதும் பத்து உருப்படி பிரித்துப் போடுவார்கள். இவ்வளவு பிரித்தாரே என்ற சங்கடத்திலேயே ஒன்று எடுத்துவிடுவோம். வாங்கும் எண்ணமில்லாத கடைக்குள் நுழையாதீர்கள், சங்கடத்துக்கே இடமிருக்காது. காலையில் போனால் "போணி பண்ணிட்டுப் போங்க" என்பார்கள். அதைவிடப் பெரிய கொக்கி, "நீங்களே ஒரு விலை சொல்லுங்க". வாயைத் திறந்து ஒரு விலை சொல்லி அவர் சரி என்றுவிட்டால் வாங்காமல் நகர்வது முறையில்லை. அவர் நேரமும் நேரம்தான். அதனால் எடுக்கப் போவதில்லை என்றால் விலையே பேசக் கூடாது. "இல்லண்ணா, இன்னிக்கு எடுக்கல. எடுக்கும்போது இங்கதான் வருவேன்" என்று சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடுங்கள். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

பேரம் பேசி எண்ணூறை ஐந்நூறு ஆக்கிவிட்டால் முந்நூறு மிச்சம் என்று மனசு குதிக்கும். தேவையில்லாத சட்டை என்றால் ஐந்நூறு செலவு, அவ்வளவே. "மூணு எடுத்தா ஐந்நூறு" என்பதும் அதே கதை. ஆடித் தள்ளுபடியைப் பயன்படுத்துவது புத்திசாலித்தனம்தான், பட்டியல் முன்கூட்டியே எழுதியிருந்தால்.

பண்டிகைத் துணிக்கு ஒரு வழி: ஆளுக்கு ஒரு கவரில் பணத்தைப் போட்டு, கவர்மேல் பெயர் எழுதிவிடுங்கள். பிள்ளைகளின் கவரை அவர்கள் கையிலேயே கொடுங்கள். தங்கள் காசு என்றதும் அவர்கள் தேர்ந்தெடுக்கும் நிதானம் பார்க்க அருமையாக இருக்கும்.

போனுக்குள் இருக்கும் கடை

கடைத்தெருவாவது ராத்திரி சாத்துவார்கள். போனில் கடை சாத்துவதே இல்லை. "இன்னும் 2 மட்டுமே உள்ளன", "சலுகை முடிய 09:59 நிமிடம்" என்று பதறவைப்பது, கேட்காத பொருளைக் கூடையில் சேர்த்துவிடுவது, பில் போடும் நேரத்தில் புதுக் கட்டணம் முளைப்பது, வேண்டாம் என்று அழுத்தப் போனால் குற்றவுணர்ச்சி வருகிற மாதிரி ஒரு வாசகம் வைப்பது. இவையெல்லாம் திட்டமிட்டுச் செய்யும் தந்திரங்கள். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30-ல் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகளில் இப்படி 13 வகையைப் பட்டியலிட்டு, இவை கூடாது என்று சொல்லியிருக்கிறது. அப்படி ஏமாந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். தொகை சின்னது என்று விட்டுவிடாதீர்கள்.

செய்ய வேண்டியவை சுருக்கமாக: ஆப்பில் சேமித்த கார்டு விவரத்தை அழியுங்கள். அறிவிப்புகளை நிறுத்துங்கள். இலவச டெலிவரிக்கு நூறு ரூபாய் குறைகிறது என்றால் நாற்பது ரூபாய் டெலிவரிக் கட்டணத்தைக் கொடுத்துவிடுங்கள், அதுதான் லாபம். கேஷ் ஆன் டெலிவரி போட்டுவிட்டு வாசலில் வைத்து வேண்டாம் என்று திருப்பி அனுப்புவதைச் சிலர் சுயகட்டுப்பாடு மாதிரிச் சொல்கிறார்கள். வெயிலில் மூன்று மாடி ஏறி வந்த பையனின் நேரத்தில் நாம் யோசிக்கக் கூடாது. யோசனையை ஆர்டருக்கு முன்பே முடியுங்கள்.

கடனில் வாங்கினால் உண்மையான விலை என்ன?

இந்தப் பகுதியைத் தயவுசெய்து நிதானமாகப் படியுங்கள். 

கிரெடிட் கார்டில் 20,000 ரூபாய்க்கு டிவி வாங்கி, முழுத் தொகையைக் கட்ட முடியாமல் "குறைந்தபட்சத் தொகை" மட்டும் கட்டுகிறீர்கள் என்று வைப்போம். பல கார்டுகளில் வட்டி மாதம் 3.5 சதவீதத்தை ஒட்டி இருக்கும். முதல் மாத வட்டி 700 ரூபாய். வட்டிமேல் 18 சதவீத ஜிஎஸ்டி 126. மொத்தம் 826. குறைந்தபட்சத் தொகை 5 சதவீதம் என்றால் நீங்கள் கட்டுவது 1,000. அதில் அசலுக்குப் போவது வெறும் 174 ரூபாய். அத்தோடு, பாக்கி இருக்கும்வரை புதிதாகத் தேய்க்கும் தொகைக்கும் வட்டியில்லாக் காலம் கிடைக்காது. முழுத் தொகையையும் மாதாமாதம் கட்ட முடிகிறவர் மட்டுமே கார்டு வைத்துக்கொள்ளட்டும்.

"நோ காஸ்ட் இ.எம்.ஐ." என்று கடையில் எழுதியிருப்பார்கள். பூஜ்ஜிய வட்டித் திட்டங்களில் வட்டி பிராசசிங் கட்டணம் என்ற பெயரில் ஒளிந்திருக்கும் என்று ரிசர்வ் வங்கியே 2013-ல் வங்கிகளைக் கண்டித்தது. இப்போதும் ரொக்க விலைத் தள்ளுபடி போய்விடும், பிராசசிங் கட்டணம் வரும், வட்டிப் பகுதிக்கு ஜிஎஸ்டி வரும். கடைக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "இன்னிக்கே முழுக்காசும் கொடுத்தா எவ்வளவு?" அந்த விலைக்கும் தவணைகளின் கூட்டுத் தொகைக்கும் உள்ள வித்தியாசம்தான் வட்டி, அவர்கள் எந்தப் பெயரில் சொன்னாலும் சரி.

அப்புறம் தண்டல், அதாவது தினவசூல் கடன். வடசென்னையில் வியாபாரிகளுக்கு இது பழகிய விஷயம், அவசரத்துக்கு அதுதான் கைகொடுக்கிறது என்பதும் உண்மை. ஆனால் டிவிக்கும் போனுக்கும் தண்டல் வாங்கவே கூடாது. 10,000 ரூபாய் தண்டல் என்று 8,500 கையில் கொடுத்து, நாளுக்கு 100 வீதம் நூறு நாள் வசூலித்தால், 1,500தானே வட்டி என்று தோன்றும். அசல் தினமும் குறைந்துகொண்டே வருவதைச் சேர்த்துக் கணக்குப் போட்டால் வருஷத்துக்கு நூறு சதவீதத்தைத் தாண்டிவிடும்.

நகையைப் பற்றி இரண்டே வரி. தங்கம் சேமிப்பு என்பது சரி, நகை முழுக்கச் சேமிப்பு இல்லை. செய்கூலி, சேதாரம், 3 சதவீத ஜிஎஸ்டி மூன்றும் விற்கும்போது திரும்பி வராது.

சந்தோஷம் எதில் கிடைக்கிறது?

அமெரிக்காவின் இல்லினாய்ஸ் மாநிலத்தில் லாட்டரி அடித்த 22 பேரை வைத்து 1978-ல் ஓர் ஆய்வு வந்தது. அவர்கள் மற்றவர்களைவிடக் குறிப்பிடத்தக்க அளவு சந்தோஷமாக இல்லை என்று அது சொன்னது. பொருளால் சந்தோஷம் வராது என்பவர்கள் இன்றும் அதைத்தான் காட்டுவார்கள். ஆனால் 2020-ல் சுவீடனில் லாட்டரிப் பரிசு பெற்றவர்களைப் பற்றி இன்னும் பெரிய ஆய்வு வெளியானது. பெரிய பரிசு பெற்றவர்களுக்கு வாழ்க்கைமேல் வந்த திருப்தி பத்தாண்டு தாண்டியும் குறையவில்லை. அன்றாட மனநிலையில் மாற்றம் அதைவிடக் குறைவுதான். திருப்திக்கு முக்கியக் காரணமாக ஆய்வாளர்கள் கண்டது பணநிலை பற்றிய நிம்மதி. எனக்கு இது மிகவும் பொருத்தமாகப் படுகிறது. மாதக் கடைசியில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் யாரிடமும் கை நீட்ட வேண்டாம் என்ற நிலையில் இருக்கும் நிம்மதியை எந்த டிவியும் தராது.

அதனால் காலண்டர் தாளில் வேண்டாம் என்று அடித்துவிட்ட பொருளின் பணத்தை அப்படியே விட்டால் அது வேறு வழியில் போய்விடும். அன்றே ஒதுக்குங்கள். தபால் அலுவலகத்தில் மாதம் 100 ரூபாயிலிருந்து தொடர் வைப்பு தொடங்கலாம். ஒரு மாத வீட்டுச் செலவு கையிருப்பாகச் சேரும்வரை பெரிய பொருள் எதுவும் வேண்டாம் என்பது என் யோசனை.

பொருளைவிட அனுபவத்துக்குச் செலவழித்தால் சந்தோஷம் அதிகம் என்று 2003-ல் வந்த இன்னொரு அமெரிக்க ஆய்வு சொன்னது. சுற்றுலா போ, பொருள் வாங்காதே என்று அதைப் பலரும் மேற்கோள் காட்டுகிறார்கள். 2018-ல் வந்த ஆய்வு அதைத் திருத்தியது: வசதி உள்ளவர்களுக்குத்தான் அது பொருந்துகிறது, வசதி குறைந்தவர்களுக்குப் பொருளும் அதே அளவோ அதைவிட அதிகமாகவோ சந்தோஷம் தருகிறது. நல்ல பொருள் ஒன்றை உழைத்து வாங்கியவரைப் பார்த்து, பேராசை என்று யாரும் சொல்லக் கூடாது என்பதற்கு இது போதும். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை காசிமேட்டில் மீன் வாங்கி வந்து எல்லோரும் சேர்ந்து ஆய்ந்து குழம்பு வைப்பதும், வருஷத்துக்கொரு தடவை பழவேற்காடு போய் வருவதும் நல்லதே. ஆனால் மாமியாருக்கு மூட்டுவலி என்றால் முதலில் வாஷிங்மெஷின் வாங்குங்கள்.

வாங்குவது என்று முடிவானால்

நம் பகுதியை நினைத்துக்கொண்டு வாங்க வேண்டும். குழாயில் ஓயாமல் தண்ணீர் வராத வீடு, அடிபம்பும் குடமும்தான் என்றால் புல்லி ஆட்டோமேட்டிக் வாஷிங்மெஷின் அலங்காரப் பொருளாக நிற்கும். வாளியில் ஊற்றி ஓட்டக்கூடிய செமி ஆட்டோமேட்டிக் விலையும் குறைவு, வேலையும் நடக்கும். கடலோரத்தில் உப்புக்காற்று இரும்பைத் தின்னும். மலிவான மெல்லிய தகட்டு பீரோ, அடுக்கு எல்லாம் சீக்கிரமே துருப்பிடிக்கும். கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் நல்ல பெயின்ட் அடித்த கனமான தகடாகப் பாருங்கள்.

தரைத்தளத்தில் இருப்பவர்கள் 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலையும் அக்கம்பக்கத்தில் விசாரித்துவிட்டு மரச்சாமான் வாங்குங்கள். ஆன்லைனில் அழகாகத் தெரியும் பார்ட்டிகிள் போர்டு கட்டில் ஒரு நாள் தண்ணீரில் நின்றால் ஊதிப்போகும், அப்புறம் விறகுக்குக்கூட உதவாது. இரும்புக் கட்டிலைத் துடைத்து வெயிலில் வைத்தால் திரும்பவும் பயன்படும். பிரிட்ஜுக்குக் கீழே வைக்கும் ஸ்டாண்டு உயரமாக இருக்கட்டும். எந்தச் சாதனமானாலும் உங்கள் தெருமுனை மெக்கானிக்கிடம் "இந்த மாடலுக்கு ஸ்பேர் கிடைக்குமா?" என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். விளம்பரத்தில் வராத தகவல் அவரிடம்தான் இருக்கும்.

கழிக்கும்போது

நகரின் வடபாதிக் குப்பையைப் பல பத்தாண்டுகளாகக் கொடுங்கையூர்தான் சுமக்கிறது. 340 ஏக்கருக்கு மேல் பரந்த அந்தக் கிடங்குக்குப் பக்கத்தில் நம் ஆட்களே குடியிருக்கிறார்கள், தீப்பிடித்தால் அந்தப் புகை நம் வீட்டுக்குத்தான் வரும். அதனால் ஓடுகிற நிலையில் உள்ளதை முதலில் தெருவிலோ வேலையிடத்திலோ தேவைப்படுகிறவருக்குக் கொடுங்கள். உடைந்த இரும்பு, பிளாஸ்டிக், அட்டையைக் காயலான் கடையில் போடுங்கள். பழைய போன், சார்ஜர், பேட்டரியைச் சாதாரணக் குப்பையோடு கலக்காமல் மாநகராட்சித் தூய்மைப் பணியாளரிடம் தனியாகக் கொடுங்கள். போகிக்கு டயரும் பிளாஸ்டிக்கும் ரெக்சினும் எரிக்க வேண்டாம், அன்று கழிக்க நினைப்பதை மார்கழி நடுவிலேயே எடுத்துப் பிரித்துவிட்டால் எரிக்க எதுவும் மிஞ்சாது.